நிலைக்குறிப்பு: எண் 212

பிப்ரவரி. மில்வாக்கி.
ஏரி கல்லாகக் கிடக்கிறது.
ஏலக் கிடங்கின் ஹீட்டர்
இருமி இருமி ஓய்கிறது.
குறை சொல்வதுதான் என் உத்தியோகம்:
கீறல், துரு, நெளிவு, ஆணித்துளை,
எது எங்கே எத்தனை அங்குலம்.
வீட்டிலும் அதையேதான் செய்கிறாய்,
சம்பளம்தான் இல்லை என்பார் என் கணவர்.

இந்த வாரம் முழுக்க பீர்.
மூடிப்போன மதுக்கடை ஒன்றின் சுவர்கள்
பெட்டி பெட்டியாக வந்திறங்கின.
பௌலிங் வீராங்கனை ஒருத்தி
உருண்டையை இடுப்பில் பிள்ளைபோல் இடுக்கியபடி.
மல்யுத்தக்காரர் இருவர்
ஒருவர் கழுத்தை ஒருவர் விடாமலே
மறுகையில் ஆளுக்கொரு கோப்பையோடு.
ஐஸ் ஹாக்கிக்காரன், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.
ஓவியர் இரக்கமுள்ளவர்.
எல்லாக் கோப்பையும் தளும்புகிறது,
ஒன்றுகூட உதட்டைத் தொடவில்லை.
பிடிக்கலாம், சிரிக்கலாம், குடிக்கக் கூடாது போலும்.

212. தகரப் பலகை. இருபத்தெட்டுக்கு இருபது.
வோல்க்மான் பீர்.
காஸ் டோம்ப்ரோஸ்கி, பேஸ்பால் பந்தெறிபவர்.
'ஒன்பதாவது இன்னிங்ஸ் முடிந்ததும்
என் கை தேடுவது இதைத்தான்.'
கையுறை வலக்கையில். கோப்பை இடக்கையில்.
இடக்கையர் என்று எழுதிவிட்டு
அடுத்ததற்குப் போனேன்.

பார்வை நாளில் ஒரு பெண்மணி,
பனிச்சகதி பூட்ஸோடு
நேரே 212க்கு வந்து நின்றாள்.
பெயர் டொலோரஸ்.
'அப்பா வலக்கையர்.'
அச்சடித்தவன் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டானாம்.
சட்டையில் பெயர் போட அணி சம்மதிக்கவில்லை;
எழுத்தில்லாத சட்டை எப்படித் திரும்பினாலும் சட்டைதானே.
'தாடையும் அவருடையது இல்லை.
காதைப் பாருங்கள், பந்து பட்டு மடங்கியது,
அது மட்டும் நிஜம்.'
கொஞ்சம் யோசித்து,
'அதுவும் தப்பான பக்கத்தில்.'

அவர் குடித்ததே இல்லையாம்.
அவருடைய அப்பா இரண்டு பேருக்கும் சேர்த்துக் குடித்திருந்தார்.
கோப்பையில் இருந்தது ஆறிப்போன தேநீர்.
கூலி, வருடத்துக்குப் பன்னிரண்டு பெட்டி பீர்.
அக்கம்பக்கம் கொடுத்தது போக
முட்டைக்கோஸ் பாத்தியில்
தட்டுத் தட்டாய் ஊற்றிவைப்பார்.
விடிந்தால் ஓடில்லா நத்தைகள் மிதக்கும்,
இந்தப் பலகைகளில் இருக்கிற எவரையும்விட
நிம்மதியாக.

பனைமரத்தடியில் பால் குடித்தவன் கதை
நமக்குத் தெரியும்.
இவர் பாலும் குடிக்கவில்லை;
மரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்,
ஊர் குடித்தது.
அவளுக்கு இதை விளக்கப் பார்த்தேன்.
பனை என்றதும் அவளுக்கு ஃப்ளோரிடா.
ஆமாம், பயிற்சிக்கு மார்ச் மாதம்
அப்பா அங்கேதான் போவார் என்றாள்.

பிறகு குனிந்தாள்.
விளக்குச் சூட்டில் நுரை நிற்கவில்லையாம்.
ஏழு வயது. பள்ளிக்கு மட்டம்.
முட்டை அடிக்கும் கருவியால் சோப்பை அடித்து
ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கரண்டி
மேலே வைத்துக்கொண்டே இருந்தாளாம்,
கை வலிக்க வலிக்க.
தகரத்தைத் தொடாமல்
நகத்தை மட்டும் அருகே கொண்டுபோனாள்.
'இது என்னுடையது.'

வலக்கையர் என்று திருத்தினேன்.
தேநீர் என்றும் சேர்த்தேன்.
முதலாளி அடித்துவிட்டார்.
'துரு இருந்தால் எழுது.
உண்மையையெல்லாம் எழுதாதே, விலை விழும்.'

முந்நூறு வரை கை தூக்கினாள் டொலோரஸ்.
அரிசோனாவிலிருந்து ஒரு தொலைபேசிக் குரல்
அறுநூற்று நாற்பதுக்கு எடுத்தது,
நிலவறை பாருக்காம்.
நான் திரும்பிப் பார்த்தபோது
அவள் நாற்காலியில் எண் அட்டை மட்டும்
கவிழ்ந்து கிடந்தது.

பொதியோடு போகும் தாளை
முதலாளி பார்ப்பதில்லை.

கீழ் மூலையில் துரு, இரண்டு அங்குலம்.
ஆணித்துளை நான்கு.
காது மடிந்திருக்கிறது; அச்சுப்பிழை அல்ல.
நுரை: ஏழு வயதுக் கைவேலை.
குறையேதும் இல்லை.