ஆகவே

வீரவநல்லூர், எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு,
சத்துணவுக்குப் பிந்தைய முதல் பாடவேளை.
பலகையில் மூன்று சொல் எழுதுகிறேன்:
கூற்று. சான்று. ஆகவே.

கேள்வி: ரோபோக்கள் நம் ஊருக்கு நல்லதா?
பயிற்சித்தாளில் 'சமுதாயத்துக்கு' என்றிருந்தது.
சமுதாயம் என்றால் இவர்களுக்கு நலக்கூடம்,
கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவது.
அதனால் மாற்றிக்கொண்டேன்.

"ரோபோ தப்பே பண்ணாது டீச்சர்."
எப்படித் தெரியும், பிரிஸில்லா?
"எங்க அண்ணன் சொன்னான்."
அண்ணன் சான்று ஆகமாட்டான்.
"அவன் கோயம்புத்தூர்ல படிக்கான்."
கோயம்புத்தூரும் ஆகாது.

நாகூர் மீரான் எழுந்தான்.
திருநெல்வேலி பைபாஸ் ஓட்டலில்
தட்டு சுமந்து வந்த ரோபோ
மேசைக் காலில் முட்டி நின்றதாம்,
அவனே பார்த்தானாம்.
எத்தனை மேசைக்கு முட்டாமல் போயிற்று?
உட்கார்ந்துவிட்டான்.
முட்டியதை மட்டும்தானே நாமெல்லாம் எண்ணுகிறோம்.

ஒரு வாரம் தந்தேன்.
கண்ணால் பாருங்கள், எண்ணுங்கள்,
யாரைக் கேட்டீர்களோ அவர் பேர் போடுங்கள்.

வெள்ளிக்கிழமை முப்பத்தொரு நோட்டு.
நாலு பேர் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை.
முத்துபேச்சி மட்டும்
ஏடிஎம் ரோபோவா என்று காவல்காரரைக் கேட்டு,
"எனக்குத் தெரியாது தாயி" என்று அவர் சொன்னதையும்
அவர் பேரோடு எழுதியிருந்தாள்.
அதற்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டேன்.

அப்புறம் இசக்கிதுரை.

'கூற்று: ட்ரோனும் ரோபோதான்.
சான்று: பிசானத்தில் இலைச்சுருட்டுப் புழு விழுந்தது.
கன்னடியன் கால் பக்கம் நாலு ஏக்கர்.
ட்ரோன் ஏக்கருக்கு ஒன்பது நிமிசம் எடுத்தது, செல்லில் பார்த்தேன்.
போன வருசம் எங்கய்யா முதுகில் டேங்க் கட்டி
ரெண்டு நாள் அடிச்சாவ.
ராத்திரி ரெண்டு தடவை வாந்தி எடுத்தாவ.
சட்டையைத் தனியாக ஊறப்போட்டோம்.
இந்த வருசம் வாந்தி இல்லை.
இந்த வருசம் ரெண்டு நாள் சம்பளமும் இல்லை,
ஆயிரத்து நானூறு.
கேட்டது: எங்கய்யா மாடசாமி, எங்கம்மா உலகம்மாள்.
ஆகவே'

அவ்வளவுதான்.
பேனாவை ஊன்றிக்கொண்டே இருந்திருக்கிறான்.
ஒரு மைப்புள்ளி,
மறுபக்கத்துக் கணக்கு வரை இறங்கியிருந்தது.

கூப்பிட்டேன். ஏன் முடிக்கல?
"எங்கம்மா நல்லதுங்காவ.
எங்கய்யா ஒண்ணும் சொல்லல."
நீ என்ன நினைக்கிற?
"ரெண்டையும் சரியாத்தான் எண்ணியிருக்கேன் டீச்சர்."

சான்று சரியாக இருந்தால்
மடை திறந்தாற்போல் ஆகவே தானாக வரும் என்று
பதினோரு வருசமாகச் சொல்லிவருகிறேன்.
மடையைத் திறந்துதான் வைத்திருக்கிறான்.
தண்ணீர் இரண்டு பக்கமும் பார்த்து
நிற்கிறது.

மற்ற நோட்டுகளில் எல்லாம் முடிவு இருந்தது:
'நன்மையும் உண்டு, தீமையும் உண்டு,
ஆகவே அளவோடு பயன்படுத்துவோம்.'
மதிப்பீட்டுத்தாளின்படி முழு மதிப்பெண்.
எதை அளவோடு?
வாந்தியையா, சம்பளத்தையா?
அதை எழுதச் சொல்லி அவனிடம் நோட்டைத் திருப்பிக் கொடுக்க
எனக்குக் கை வரவில்லை.

ஐந்து மணிக்குள் செயலியில் ஏற்ற வேண்டும்.
ஆகவே என்ற கட்டத்தில்
பூஜ்யம், ஒன்று, இரண்டு.
வெறுமையாக விட்டால் சிவப்பாகிறது.
அரை போட்டால் ஏற்க மறுக்கிறது.
அதனிடம் அந்த மைப்புள்ளியைக் காட்ட
வழியில்லை.

இரண்டு போட்டேன்.
சான்று என்ன என்று என்னையே கேட்டேன்.
ஒன்று என்று மாற்றினேன்.
மறுபடி இரண்டு.
அப்போது டவர் போய்விட்டது.
வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் அவன்
செயின் கழன்றதை மாட்டிக்கொண்டிருந்தான்,
விரலெல்லாம் கறுப்பு.
எது ஏறியதென்று
திங்கட்கிழமைதான் தெரியும்.