ரசீது எண் 1000003

தேவகோட்டை ரஸ்தா எடைமேடை.
இரவு பதினொன்றேகாலுக்கு
அச்சு இயந்திரம் கக்கிய எண்
பத்து லட்சத்து மூன்று.
உமி லாரி. பதினொரு டன் நானூறு.
சேவுகன் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் செருகினான்.
நகல் என்னிடம்.

ஒற்றைப்படை. ஐந்திலும் முடியவில்லை.
இலக்கம் கூட்டினால் நான்கு, மூன்றுக்கு மசியாது.
அதோடு விட்டிருக்கலாம்.
கம்ப்யூட்டர் எதிரேதான் இருக்கிறது, ஒரு நொடி வேலை.
அதைக் கேட்கவில்லை.
பழைய ரசீதுகளின் முதுகில்
பென்சிலால் வகுக்க ஆரம்பித்தேன்.

ஏழு: மீதி நான்கு.
பதினொன்று: நான்கு.
பதின்மூன்று: அதே நான்கு,
ஒரே கடன்காரன் மூன்று வீட்டிலும் வந்து நிற்பதுபோல.

ஆயிரம் வரை போனால் போதும்.
அதற்கு மேல் ஒரு வகுத்தி இருந்தால்
அதன் ஜோடி ஆயிரத்துக்குள்தான் பதுங்கியிருக்கும்.
பதுங்க இடம் நூற்று அறுபத்தெட்டு.
ஒவ்வொன்றாகத் தட்டினேன்,
இடையிடையே செம்மண் டிப்பர், சிமென்ட், வைக்கோல்.

நூற்றொன்றில் மீதி இரண்டு.
அப்படியானால் இரண்டு வண்டிக்கு முந்தைய ரசீது
நூற்றொன்றால் சுத்தமாக உடைந்திருக்கும்.
உடைந்தது. யாரும் கவனிக்கவில்லை,
நான் உட்பட.

ஒன்றரை மணிக்குக் கானாடுகாத்தானில் பிரித்த வீடு வந்தது.
பர்மாத் தேக்குத் தூண்கள், உத்தரம்,
கஜலட்சுமி செதுக்கிய ஒரு நிலை.
"ஏழு பங்காளி. கிலோக் கணக்கில் சரியாப் பிரிக்கணும்,"
என்றார் கூட வந்தவர்.
வண்டி எடை போக எட்டாயிரத்து இருநூற்று அறுபது.
ஆளுக்கு ஆயிரத்து நூற்று எண்பது. மிச்சமே இல்லை.
அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.
நிலையை எப்படி ஏழாக்குவீர்கள் என்று
நான் கேட்கவில்லை.

என் எண்ணுக்கு அந்த வசதி கிடையாது.
இத்தனை ஆத்தங்குடிக் கல் இறக்கினால்
எந்த அறைக்கும் நிறைவாகப் பதிக்க முடியாது.
நான்கில் வகுத்தால் மீதி மூன்று,
ஆகவே இரண்டு சதுர வளவுகளாகப் பிரித்துப் போடலாம்
என்ற ஆசையும் கூடாது.
ஒரு கல் அகலத்துக்கு ஒரே வரிசைதான்:
எட்டங்குலக் கல்லென்றால்
பாம்பன் தாண்டி ராமேஸ்வரம் தொட்டுத் திரும்பி
ராமநாதபுரத்துப் பக்கம் எங்கோ தீரும்.
அதில் நடக்கலாம். குடியிருக்க முடியாது.

எண்ணூற்று ஐம்பத்து மூன்றில் தூக்கம் சொக்கியது.
எண்ணைத் தலைகீழாக எழுதிவிட்டேன்:
முப்பது லட்சத்து ஒன்று.
மீதி பூஜ்யம்!
எழுந்தே விட்டேன் நாற்காலியிலிருந்து.
பிறகுதான் தெரிந்தது,
பின்னாலிருந்து வந்தால் உடைகிறது,
முன்னாலிருந்து வந்தால் இல்லை.
அப்படிச் சில மனிதர்களும் உண்டு.
சரியாக எழுதி மறுபடி வகுத்தேன்.

ஐந்து மணிக்குக் கடைசி:
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. மீதி பன்னிரண்டு.
யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.
எதிரே பூட்டிய டயர் கடை. ஒரு நாய்.

சேவுகன் காலி வண்டியோடு திரும்பினான்.
"அந்த ரசீது பத்திரமா?"
"பாதி இருக்குக்கா.
ரெண்டாக் கிழிச்சு ஒண்ணுல
டீக்கடைப் பையனுக்கு போன் நம்பர் எழுதிக் குடுத்தேன்."

மாற்று ஆள் உடையப்பன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
அச்சு இயந்திரம் மறுபடி கக்கியது:
பத்து லட்சத்து முப்பத்து மூன்று.
ஒற்றைப்படை. கூட்டினால் ஏழு.
பென்சில் தேய்ந்துவிட்டது.