டோக்கன் நூற்றுப் பதினேழு

திங்கட்கிழமை. சத்துவாச்சாரி, குறைதீர் கூட்டம்.
மதம் என்கிற கட்டத்தில்
பாலாறு என்று எழுதியிருந்தாள் அஞ்சலாட்சி.

“இந்துன்னு திருத்தவா?”
“எதுனா போட்டுக்க சார்.
சாமி வாயில தோல் கழிவ ஊத்துறவன்
எல்லாக் கட்டத்துலயும் இருக்கான்.”

பூசாரி?
அமாவாசைக்கு ஒருத்தராம்.
போன முறை ஷூ கம்பெனி நிலோபர்,
வர்ற முறை திருநங்கை செண்பா.
உண்டியல் கிடையாது.

இணைப்பு: குவார்ட்டர் பாட்டிலில் பழுப்புத் தண்ணீர்,
கழுத்தில் மஞ்சள் கயிறு.

பொதுப்பணித் துறைக்கா, அறநிலையத் துறைக்கா,
யாருக்கு அனுப்ப?
முத்திரையைக் கையில் பிடித்தபடி இருந்தேன்.
நூற்றுப் பதினெட்டு இருமினார்.

சாப்பாட்டு நேரம்.
பாட்டிலை மேசைக்கடியில் வைக்கக் குனிந்தேன்.
அங்கே என் ஆம்பூர்ச் செருப்பு.
எடுத்து
ஜன்னலில் வைத்தேன், ஆறு இருக்கும் திசை பார்த்து.