நாற்பத்தோராவது குழி

முப்பத்தொன்று புள்ளி நான்கு.
டெல்மிரா வெப்பமானியை மணலிலிருந்து உருவி
கால்சட்டையில் துடைக்கிறாள்.
"இதுவும் மகள்கள்தான்" என்கிறாள்,
பிரசவ வார்டு வாசலில்
அதையே சொல்லிச் சலித்த நர்ஸ்போல.

போவா விஸ்டாவின் கிழக்குக் கரை.
நவம்பர் பிறந்தும் மணல் ஆறவில்லை.
தாய் ஆமை முட்டையை மூடிவிட்டுப் போனதோடு சரி,
பிறகு எல்லாம் வெயில் பாடு.
இருபத்தொன்பதுக்குக் கீழே நின்றால் மகன்,
மேலே ஏறினால் மகள்,
அங்கேயே தடுமாறினால் இரண்டும் கலந்து.
அதுவும் எல்லா நாளும் கணக்கில்லை;
அறுபது நாளில் நடு இருபது நாள்
சூடு என்ன சொல்கிறதோ அதுதான்.

நாற்பத்தோராவது குழிக்கு மட்டும்
அவளும் அடில்சனும் நான்கு கம்பு நட்டு
கிழிந்த வலைமேல் பேரீச்ச ஓலை பரப்பினார்கள்.
மூன்றாம் நாள் இருபத்தெட்டரை.
நோட்டில் "ஆண்" என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள்,
பென்சிலில்.

இரவு ரோட்டர்டாமிலிருந்து போன்,
துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்கும் புருஷன்.
"அங்கே எத்தனை டிகிரி?"
"ஆறு. விரல் மடங்க மாட்டேன் என்கிறது."
"அறையில் எத்தனை பேர்?"
"எட்டு ஆம்பளைகள்."
"அதுதானே!" என்று சிரித்தாள்.
அவனுக்குப் புரியவில்லை. அவள் விளக்கவுமில்லை,
டேட்டா தீர்ந்துகொண்டிருந்தது.
இந்த ஊரில்
தண்ணீர் லாரிக்கும் மாதா கோயிலுக்கும்
பெண்களே வரிசையில் நிற்பதற்கு
மணல் காரணமில்லை என்று
அவளுக்குத் தெரியாதா என்ன.

ஞாயிறு கழித்து வந்து பார்த்தால்
ஓலை அலையோரம் கிடக்கிறது.
கம்பில் இரண்டைக் காணோம்.
எத்தனை பகல் குழி திறந்து கிடந்ததோ,
ஒன்றா, ஒன்றரையா?
முப்பது புள்ளி இரண்டு.
"ஆண்" என்பதை ரப்பரால் அழித்தாள்.
கேள்விக்குறியை விட்டுவைத்தாள்.

குஞ்சுகள் மொத்தம் எண்பத்து மூன்று.
புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது;
ஆண் என்றால் வால் நீளும்,
அதற்கு இன்னும் எத்தனையோ வருஷம்.
குழியடியில் செத்துக் கிடந்த ஒன்றை மட்டும்
அடில்சன் ஸ்பிரிட் புட்டியில் போட்டான்.
தலைநகரில் யாரோ அறுத்துப் பார்த்து எழுதுவார்கள்,
ஒரு பானைக்கு ஒரு சோறு.

வேகாத சோறும் வெந்த சோறும்
மீதி எண்பத்திரண்டும்
நிலா கிடந்த பக்கம் ஓடிற்று.
சிலவற்றை நண்டு இழுத்தது. அதைத் துரத்தினாள்.

பிறகு வெப்பமானியைத் தட்டி
அடுத்த குழியில் செருகினாள்.
ஈர ஓலையை இழுத்துக்கொண்டு
அடில்சன் பின்னால் வந்தான்.