வாய்க்கூடை

சேணம் ஏது எங்களுக்கு?
வைக்கோல்கட்டின் நைலான் கயிறே கடிவாளம்.
வேல்ஸ் மழையில் நானும் மெர்வினும்
ஒரே முதுகில், பள்ளிக்கூடம் வரை.
ஷில்லிங் என்று பெயர்.
அந்த விலைகூடப் பெறாது என்பார் அப்பா.

ஏப்ரல் புல்லில் அவிழ்த்துவிட்டோம்,
தின்னட்டும், பாவம் என்று.
தொட்டால் சுட்டது குளம்பு.
பன்னிரண்டு வயதில்
நிற்க முடியாமல் நின்றது.
பிறகு நிற்கவே இல்லை.

இப்போது என் மகள் நெஸ்டா
உலர்புல்லைத் தராசில் நிறுத்து
ஊறவைத்துச் சர்க்கரையை வடிக்கிறாள்.
கழுத்துத் தோலுக்குள் சில்லு,
கைப்பேசிக்குள் லாயம்.
மேயப் போனால் வாய்க்கூடை.

"கொடுமை" என்கிறான் மெர்வின்,
வேலிக்கு அந்தப் பக்கம்.

நான் வாய் திறக்கவில்லை.
முப்பத்தோரு வயதுக் கிழம்
கூடையோடு என் தோளை இடிக்கிறது.
வாரை இன்னும் ஒரு துளை
இறுக்குகிறேன்.