இரண்டு சம்பள ஏற்றங்கள்

துணுக்காய் வீதி முழுக்கச் சேறு.
ஜீப்பை விட்டு நான் இறங்கவில்லை.
கண்ணாடியை ஏற்றியபடியே
'லிண்டல் மட்டம் திருப்தி' என்று
கையொப்பம் வைத்தேன்.
அடுத்த கட்டுக்காசு
அவளுக்கு விழவேண்டுமே,
அதுவும் உண்மைதான்.

நாலு கம்பி போகவேண்டிய இடத்தில்
இரண்டு.
மற்றது மேசனின் வீட்டுக் கோழிக்கூட்டில்.

விசாரணை முல்லைத்தீவில், மின்விசிறிக்குக் கீழே.
இரண்டு சம்பள ஏற்றம் நிறுத்தம்,
மூன்று வருடம் அத்தாட்சிப்படுத்தத் தடை.
கம்பி இரண்டு, ஏற்றம் இரண்டு:
கோப்பில் கணக்குச் சரி.

யோகசௌந்தரியை ஒருவரும் கூப்பிடவில்லை.

நேற்றுப் போனேன். இறங்கினேன்.
நிலைக்கு மேலே வெடிப்பு,
பாலைக் குற்றி ஒன்று முட்டுக்கொடுத்து நிற்கிறது.
பிள்ளைகள் குனிந்து ஓடுகிறார்கள்.
நானும் குனிந்தேன்.

"நிமிர்ந்து வாங்கோ சேர்,
உங்களுக்கு உயரம் காணும்" என்றாள்.