லாபம், ரெண்டு, மூணு

புதுவயல் மில்லில் பில் போடுகிறேன்.
லாரிக்கு நானூறு மூட்டை,
சேலத்துக்கு, கொல்லத்துக்கு, எங்கெங்கோ.
வீட்டில் இருபத்தைந்து கிலோ சிப்பம்
போன வருஷம் மாசக் கடைசியைத் தொட்டது.
இந்த ஆனியில்
பதினெட்டாம் தேதியே
தட்டினால் தவிட்டுத் தூசிதான் விழுகிறது.

மூத்தவன் மெய்யருக்குப் பதினேழு.
சின்னவன் தேனப்பனுக்குப் பதினாலு,
தைத்து ஆறு மாசம் ஆகவில்லை,
பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது.
நடுவில் உமையாள், பள்ளிக்கூட ஹாக்கி டீம்.
ரெண்டு பேரையும்விட அவள்தான் அதிகம் சாப்பிடுகிறாள்,
சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

காலை ஐந்து மணிக்கு அளக்கிறேன்.
முதல் டம்ளரை ஒன்று என்று சொல்லக் கூடாது,
லாபம்.
அப்புறம் ரெண்டு, மூணு.
மூணோடு நின்ற கை
இப்போது ஐந்தரைக்குப் போகிறது.
லாபம் என்று வாயால் சொன்னதோடு சரி.

ரேஷன் அரிசி இட்லிக்கு.
முட்டையை அவித்தால் ஆளுக்கு ஒன்று கேட்கும்,
வெங்காயம் போட்டுக் கலக்கி ஊற்றினால்
மூணு முட்டை நாலு பேருக்கு எட்டும்.
காரைக்குடிச் சந்தைக்குத் திங்கட்கிழமை
இருட்டிய பிறகு போக வேண்டும்,
அப்போதுதான் கத்தரிக்காய்க் கூறு
பத்து ரூபாய்க்கு இறங்கும்.
போகிற வழியெல்லாம் போர்டு போர்டாக
எங்கள் சீமைப் பேரில் கோழி பொரிகிறது.
எங்கள் வீட்டில் கோழி மாசத்துக்கு ஒரு தடவை.
கறி முக்கால் கிலோ,
உருளைக்கிழங்கு ஒரு கிலோ.

பொட்டுக்கடலையைத் துணிசோப்பு டப்பாவில் ஒளித்து வைத்தேன்.
மூன்றாம் நாள் டப்பாவில் ஒரு சீட்டு மட்டும் இருந்தது:
'சோப்பு வாசம் அடிக்குது. வேற இடம் பாரும்மா.'
யார் என்று கேட்கவில்லை.
கேட்டால் சிரித்துவிடுவேன்,
சிரித்த பிறகு திட்ட முடியாது.

சனிக்கிழமை ராத்திரி கணக்கு நோட்டைப் பிரித்தேன்.
என் எழுத்துக்குக் கீழே
மெய்யரின் கோணல் எழுத்து:
வரவு 450. கோட்டையூர் ரிசப்ஷன், பந்தி பரிமாற.
அடுத்த வரியில்:
என் ராச்சாப்பாடு மிச்சம், அங்கேயே சாப்பிட்டுக்குவேன். 40.

நாற்பது.
தன் தட்டுக்குத் தானே விலை போட்டிருக்கிறான்.
எங்கே படித்தான் இந்தக் கணக்கை?
கரண்டி ரெண்டாம் தடவை சட்டிக்குள் இறங்கும்போது
என் முகத்திலா?
அந்த வரியை மட்டும் அடித்தேன்.
டோட்டல் போடவில்லை.

பதினொன்றேகாலுக்கு சைக்கிள் சத்தம்.
சட்டையெல்லாம் ரசமும் பன்னீரும்.
பணத்தை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தான்,
என் பக்கம் பார்க்காமல்.
நானும் நோட்டைப் பற்றிப் பேசவில்லை.
அடுப்படியில் ஒரு மூடி திறக்கிற சத்தம்.
இன்னொரு மூடி.
'ஏன்டா, அங்க சாப்பிடலையா?'
'மூணு தடவை சாப்பிட்டேம்மா.
அது எட்டு மணிக்கு.
மாவு இருக்கா?'

இருந்தது, ஞாயிற்றுக்கிழமைக்கான மாவு.
கல்லைப் போட்டேன்.
வாசம் பிடித்துக்கொண்டு
தூக்கக் கண்ணோடு இன்னும் ரெண்டு தட்டு வந்து நிற்கிறது.
தோசையைத் திருப்பும்போது
வாய் தானாக எண்ணுகிறது,
லாபம்,
ரெண்டு,
மூணு